பெயர்ச்சீட்டு இல்லாத இரண்டு புட்டிகள்

முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் எனக்குத் தரப்பட்ட மூன்றாவது பயிற்சியின்போது, பெயர்ச்சீட்டு கிழிக்கப்பட்ட இரண்டு புட்டிகள் மேசைமேல் இருந்தன. ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றொன்றில் அசிட்டிக் அமிலம், இரண்டும் 0.1 மோலார் செறிவுடையவை என்பது மட்டும் எங்களுக்குச் சொல்லப்பட்டது. (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; ஒரு லிட்டரில் எத்தனை மோல் கரைந்திருக்கிறது என்பதே மோலார்.) எது எது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் 25 மி.லி. எடுத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கொண்டு தரம் பார்க்க வேண்டும், அதாவது அமிலம் முழுவதும் தீர எவ்வளவு காரம் செலவாகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு முன்பாக, எவ்வளவு காரம் செலவாகும் என்ற நம் கணிப்பைக் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முகர்ந்து பார்ப்பதற்குத் தடை. அசிட்டிக் அமிலத்தை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஒரு காரணம். என்னவென்று தெரியாத புட்டியை மூக்கருகே கொண்டுபோகும் பழக்கம் எங்களைத் தொற்றிக்கொள்ளக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பிஎச் மானியில் ஒரு புட்டி 1-ஐ ஒட்டியும் மற்றது 2.9-ஐ ஒட்டியும் காட்டியது. எண் குறைந்தது ஹைட்ரோகுளோரிக், கூடியது அசிட்டிக், அதுவரை சரி. பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர் மடக்கை என்பதையும் நான் படித்திருந்தேன். ஆகவே அசிட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 75 மடங்கு குறைவு என்று கணக்கிட்டு, அதை நடுநிலையாக்க 75 மடங்கு குறைவான காரமே போதும் என்று முடிவுகட்டி, முதல் புட்டிக்கு 25 மி.லி., இரண்டாவதற்கு 0.33 மி.லி. என்று பெருமிதத்தோடு எழுதினேன். ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.

இரண்டாவது புட்டிக் கரைசலில் காரம் மிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீனை இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டின் (காரம் நிரப்பிய, அளவுக்கோடுகள் உள்ள குழாயின்) அடைப்பானை மிக மெதுவாகத் திறந்தேன். 0.33 மி.லி. கடந்தது; நிறம் இல்லை. 1 மி.லி., 5 மி.லி., 10 மி.லி. என்று கடந்தும் கூம்புக் குடுவையில் இருந்த திரவம் தண்ணீரைப் போலவே இருந்தது. நிறங்காட்டி போட மறந்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு மேலும் இரண்டு சொட்டு விட்டேன். கடைசியில், 25 மி.லி. கோட்டில் இளஞ்சிவப்பு தோன்றியது. முதல் புட்டிக்கும் அதே 25 மி.லி.தான் செலவாகியிருந்தது.

அன்று எனக்குப் புரியாதது இதுதான்: பிஎச், அந்த நொடியில் கரைசலில் தனித்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தரம் பார்த்தலோ, கரைசல் மொத்தமாகக் கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன் அயனிகள் அனைத்தையும் எண்ணுகிறது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாக மட்டுமே பிரிகையுற்று, அதாவது அயனிகளாகப் பிரிந்து, இருக்கிறது. அப்படிப் பிரிந்த அயனியைக் காரம் எடுத்துக்கொண்டதும், சமநிலை குலைந்து இன்னொரு மூலக்கூறு பிரிகிறது; அதையும் எடுத்தால் இன்னொன்று பிரிகிறது. வாசலில் நிற்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வீட்டுக்குள் இருப்பவர்களும் அவ்வளவுதான் என்று நான் எழுதியிருக்கிறேன். வாசலில் நின்றவரை அனுப்பியதும் உள்ளிருந்து அடுத்தவர் வருவார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் குழப்பத்தில் மொழிக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பேச்சுவழக்கில் ‘ஸ்ட்ராங்கான ஆசிட்’, ‘காட்டமான ஆசிட்’ என்று சொல்லும்போது, அது அடர்த்தியானது, முழுவதும் பிரிகையுறுவது, தோலைப் பொசுக்கிவிடுவது என்ற மூன்று பொருளும் ஒரே சொல்லுக்குள் வந்து குந்திக்கொள்கின்றன. பாடநூல்கள் செறிவு மிக்கது, நீர்த்தது என்று ஓர் இணையையும், வலிமை மிகுந்தது, வலிமை குறைந்தது என்று வேறோர் இணையையும் கவனமாகத்தான் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம் கரைந்திருக்கிறது என்பது செறிவு. கரைந்ததில் எவ்வளவு பங்கு பிரிகையுறுகிறது என்பது வலிமை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை மிகுந்த அமிலமாகவே இருக்கும், நீர்த்துப்போகும், அவ்வளவுதான். ‘வலிமை’ என்று எழுத வரும்போதெல்லாம் ‘எதைச் சொல்கிறேன்?’ என்று ஒரு கணம் நிறுத்திக் கேட்கும் பழக்கம் அந்த 25 மி.லி.க்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

உப்புகளும் அமிலங்களும் தண்ணீரில் கரையும்போதே அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தை, ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அரேனியஸ் 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டிலிருந்து வளர்த்தெடுத்தார். அந்த ஆய்வேட்டுக்கு மிகக் குறைந்த தரநிலையே கிடைத்தது; அதே சிந்தனைக்காக 1903-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு வந்து சேர்ந்தது. தேர்வுத்தாளில் சிவப்பு மையைப் பார்த்த நாள்களில் இந்தச் செய்தி எனக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது. ஆனால் என் 0.33 மி.லி.க்கு அப்படியொரு எதிர்காலம் இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

அடுத்த வாரம் வேறொரு தவறு. பினாப்தலீனின் வெளிறிய இளஞ்சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்ததால், மெத்தில் ஆரஞ்சின் சிவப்பும் மஞ்சளும் தெளிவாகத் தெரியும் என்று எண்ணி, அதே அசிட்டிக் அமிலத்துக்கு அதைப் பயன்படுத்தினேன். தொடக்கத்திலிருந்தே நிறம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கும் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கும் நழுவிக்கொண்டிருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முதல்முறை 6 மி.லி.யிலும், இரண்டாம் முறை 7.5-இலும், மூன்றாம் முறை 9-இலும் நிறுத்தினேன். மூன்றின் சராசரியை எடுத்து, அமிலம் 0.03 மோலார் என்று எழுதிக் கொடுத்தேன்.

மெத்தில் ஆரஞ்சு பிஎச் 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் நிறம் மாறுகிறது, பினாப்தலீன் 8.2 அளவில் நிறம் கொள்ளத் தொடங்கி 10-இல் முழு நிறம் பெறுகிறது. அசிட்டிக் அமிலமோ பாதி நடுநிலையாகும்போதே, அதாவது 12.5 மி.லி.யிலேயே, 4.76 என்ற பிஎச்சுக்கு வந்துவிடுகிறது. எனவே மெத்தில் ஆரஞ்சு முழு மஞ்சளாகிவிட்ட 7.6 மி.லி. அளவில் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நடுநிலையாகியிருக்கவில்லை. அமிலம் முழுவதும் தீரும் சமான நிலையில் பிஎச் 7 அன்று, 8.7. உருவான சோடியம் அசிட்டேட் தண்ணீரோடு வினைபுரிந்து கரைசலைச் சற்றே காரத்தன்மைக்குத் தள்ளுகிறது. ‘நடுநிலையாக்கல்’ என்ற பெயரை நம்பி எல்லாமே 7-இல் முடியும் என்று எதிர்பார்ப்பது, நான் பார்த்தவரை, ஏறக்குறைய எல்லாத் தொடக்கநிலை மாணவர்களும் செய்யும் பிழை. எந்த நிறங்காட்டி என்று அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பே ஓர் அறிகுறி கண்ணில் பட்டிருக்க வேண்டும்: சரியான நிறங்காட்டி ஒரு சொட்டில் மாறும், மாறுவதற்கு மில்லிலிட்டர் கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டால் அது பொருந்தாத நிறங்காட்டி. மூன்று அளவீடுகள் 6, 7.5, 9 என்று சிதறியிருக்கும்போது சராசரி எடுப்பது பிழையைக் கூட்டிப் பெருக்கி ஒளித்துவைக்கும் வேலை.

அந்த ஒரு சொட்டை நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. பியூரெட்டின் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. 25 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அதே செறிவுள்ள காரத்தைச் சேர்க்கும்போது, 20 மி.லி. சேர்த்த பிறகும் பிஎச் 2-ஐத்தான் ஒட்டி நிற்கிறது. ஐந்தில் நான்கு பங்கு அமிலம் தீர்ந்திருந்தும் எண் ஒரு படி மட்டுமே நகர்ந்திருக்கிறது. 24.95 மி.லி.யில் 4, அடுத்த சொட்டில் 7, அதற்கடுத்த சொட்டில், 25.05-இல், 10. இரண்டே சொட்டுகளில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து லட்சம் மடங்கு குறைகிறது. கண் முன்னே பார்த்தால், சொட்டு விழும் இடத்தில் இளஞ்சிவப்பு ஒரு சுருளாகத் தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறையும். முடிவு நெருங்க நெருங்க அந்தச் சுருள் மறைய எடுக்கும் நேரம் நீளும். அந்த நேரம் நீளத் தொடங்கியதும் அடைப்பானை ஏறக்குறைய மூடிவிட்டு, நுனியில் பாதிச் சொட்டைத் தொங்கவிட்டு, குடுவையின் சுவரில் தொட்டு எடுத்து, கழுவு புட்டியால் உள்ளே இறக்க வேண்டும். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டால் கண்ணுக்குப் பாதி வேலை குறையும். இறுதியில் தோன்றிய மிக வெளிறிய நிறம் அரை நிமிடம் நின்றால் போதும். பிறகு அது மங்கினால் பதற வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்தச் சிறு மிகைக் காரத்தைத் தீர்த்துவிடுகிறது. மங்குகிறதே என்று நான் மேலும் மேலும் சொட்டுவிட்டு, அடர் சிவப்புக் குடுவையோடு நின்ற நாள்கள் உண்டு.

கருவிகளைக் கழுவுவதிலும் இதே பாடம்தான் வேறு உருவில் வந்தது. பியூரெட்டையும், அமிலத்தை அளந்து உறிஞ்சியெடுக்கும் பிப்பெட்டையும் அவற்றில் நிரப்பப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும் என்று சொல்லித்தந்திருந்தார்கள். அதை நம்பிக் கூம்புக் குடுவையையும் அமிலத்தால் அலசிவிட்டேன். அளவு ஒவ்வொரு முறையும் அரை மி.லி. கூடுதலாக வந்தது. பியூரெட்டிலிருந்து நாம் கன அளவைப் படிக்கிறோம். அதற்குள் இருக்கும் கரைசலின் செறிவு மாறக் கூடாது, ஆகவே உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் பகை. கூம்புக் குடுவையிலோ எத்தனை மோல் அமிலம் போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே கணக்கு. அங்கே தண்ணீர் ஒட்டியிருந்தால் என்ன, ஒரு குவளைத் தண்ணீரே ஊற்றினால் என்ன, செலவாகும் காரம் மாறாது. பிஎச் மாறும், செறிவு மாறும், மொத்த அளவு மாறாது. விதியை மனப்பாடம் செய்தவன் மறந்துவிடுவான். ‘இந்தப் பாத்திரத்தில் எனக்குத் தேவை செறிவா, மொத்த அளவா?’ என்று கேட்டுக்கொள்பவனுக்கு மனப்பாடமே தேவையில்லை.

சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டு நேராகக் கரைசல் தயாரிப்பதையும் அப்போதுதான் விட்டேன். தராசுத் தட்டில் வைத்த சில நிமிடங்களிலேயே அந்த வெள்ளை வில்லைகள் ஈரத்தை இழுத்துப் பளபளக்கத் தொடங்கிவிடும். கூடவே கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். 4 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கி ‘0.1 மோலார்’ என்று எழுதி ஒட்டிய என் புட்டியை, படிக ஆக்சாலிக் அமிலத்தை 6.30 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கிய 0.05 மோலார் கரைசலோடு ஒப்பிட்டபோது, 25 மி.லி.க்கு 25 ஆக வேண்டிய காரம் 26.3 மி.லி. ஆனது. உண்மையான செறிவு 0.095. அந்த அமிலம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால்தான் பாதிச் செறிவு போதுமானதாகிறது.

மடக்கை அளவுகோல் தரும் தொல்லை தனிவகை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளையும் புரதங்களையும் ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சென், 10⁻⁵, 10⁻⁷ என்று அடுக்குகளாக எழுதுவதற்கு மாற்றாக அடுக்கெண்ணை மட்டும் எழுதும் இந்த முறையை 1909-இல் முன்வைத்தார். எழுத வசதி, கூட்டிக் கழிக்கத் தொடங்கினால் ஆபத்து. வலிமை மிகுந்த அமிலத்தின் பிஎச் 2, பிஎச் 4 கரைசல்களைச் சம அளவில் கலந்தால் 3 வரும் என்று நான் எழுதியிருக்கிறேன். வருவது 2.3. நூறு மடங்கு செறிவுள்ள கரைசலோடு கலக்கும்போது, மற்றது வெறும் தண்ணீர்போலத்தான் நடந்துகொள்ளும். 3.7-க்கும் 4.0-க்கும் இடையே இருக்கும் வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், அது இரண்டு மடங்கு. பிஎச் எண்களோடு ஏதேனும் கணக்குச் செய்யும் முன், அவற்றைச் செறிவுகளாக மாற்றி, கணக்கை முடித்து, பிறகு மடக்கைக்குத் திரும்புவதே பாதுகாப்பான வழி.

இதைவிட நுட்பமான பொறி, 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன என்ற கேள்வி. சூத்திரத்தில் போட்டால் 8 வரும். அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துக் காரம் கிடைத்ததாக நானும் விடைத்தாளில் அறிவித்திருக்கிறேன். தண்ணீரே 25 டிகிரி செல்சியஸில் 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனியைத் தன் பங்குக்குத் தருகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை 6.98. விடை வந்ததும் அது அமிலமா, காரமா, நம்பத்தக்கதா என்று பார்ப்பதற்குச் செலவாகும் ஐந்து நொடியை நான் அன்று மிச்சப்படுத்தியிருக்கிறேன். ‘நடுநிலை என்றால் 7’ என்பதும் 25 டிகிரிக்குச் சொல்லப்பட்டது மட்டுமே. 60 டிகிரியில் தண்ணீர் கூடுதலாகப் பிரிகையுறுவதால் நடுநிலைப் புள்ளி 6.5-க்கு இறங்குகிறது, அப்போதும் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சமமாகவே இருப்பதால் அது அமிலம் ஆகிவிடாது.

பிஎச் மானியைப் பற்றிச் சுருக்கமாக: அதன் கண்ணாடி மின்முனை 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் வேறுபாட்டைத் தருகிறது, மானி அதைத்தான் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ஆகவே பிஎச் 4, 7, 10 என்று மாறாமல் நிற்கும் தாங்கல் கரைசல்களில், அளக்கப்போகும் வரம்பை உள்ளடக்கும் இரண்டிலாவது அளவுதிருத்தம் செய்யாமல் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. முனையைத் துணியால் தேய்க்காமல் மெல்லிய தாளால் ஒற்றியெடுக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். சுத்தமான தண்ணீரைவிடச் சுத்தமான இடம் எது என்று எண்ணி ஒரு விடுமுறை முழுவதும் ஒரு மின்முனையை அதில் ஊறவைத்துக் கெடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மேலும், திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர் 7 காட்டாது. காற்றிலிருந்து கரைந்த கார்பன் டை ஆக்சைடால் 5.6 அளவுக்கு இறங்கியிருக்கும். கருவி பழுதென்று புகார் எழுதும் முன் இதை நினைவில் கொள்ளலாம்.

இப்போது நான் ஆய்வகத்தில் புதியவர்களுக்கு வழிகாட்டுகிறேன். எனக்குத் தரப்பட்ட அதே இரண்டு புட்டிகளை, கணிப்பையும் கையெழுத்தையும் உள்ளிட்டு, அவர்களுக்கும் தருகிறேன். பாதிப் பேருக்கு மேல் 0.33-ஐ ஒட்டிய எண்ணையே எழுதுகிறார்கள்; நானும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திடுகிறேன். சென்ற முறை, இரண்டு புட்டிகளுக்கும் 25 மி.லி. செலவானதைக் குறித்து முடித்த ஒரு மாணவி, “அப்படியானால் இவற்றில் எது சார் ஆபத்து குறைந்தது? வலிமை குறைந்த அமிலம்தானே?” என்று கேட்டார். ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லுக்குள் குந்தியிருக்கும், நான் அதுவரை வகுப்பில் எடுக்காத மூன்றாவது அர்த்தத்தை, தோலைப் பொசுக்குவதை, அந்தக் கேள்வி தொட்டுவிட்டது.

ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் அட்டவணையில் வலிமை குறைந்த அமிலங்களின் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொன்னேன். பிரிகையுறாத அதன் சிறு மூலக்கூறு தோலை ஊடுருவி உள்ளே போய், உடலிலுள்ள கால்சியத்தைப் பிணைத்துவிடும். வலி சில மணி நேரம் கழித்தே தெரியக்கூடும். மிகச் சிறிய பரப்பில் பட்டாலும் உயிருக்கு ஆபத்தாகலாம். தொடக்கநிலை ஆய்வகத்தில் அதற்கு இடமே இல்லை. காரங்களை ‘வழுவழுப்பாக இருக்கும்’ என்ற ஒற்றை வரியோடு கடந்துபோகிறோம். அந்த வழுவழுப்பு நம் தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவது என்பதையும், கண்ணில் பட்ட காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்குவதால் பல நேரங்களில் அமிலத்தைவிடக் கொடியது என்பதையும் சொன்னேன். அமிலம் பட்டால் காரத்தை ஊற்றி நடுநிலையாக்கலாமா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். கூடாது, நடுநிலையாக்கல் வெப்பம் உமிழும் வினை, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 57 கிலோஜூல், அந்தச் சூடும் புண்ணின் மேலேயே இறங்கும். ஓடும் தண்ணீர், குறைந்தது பதினைந்து நிமிடம், நனைந்த உடையைக் களைந்துவிட்டு, பிறகு மருத்துவர்.

பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவே அடுத்த தரம் பார்த்தலைத் தள்ளிவைத்துவிட்டு, எல்லோரும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு, தங்கள் மேசையிலிருந்து கண் கழுவும் குழாய்வரை தடவித் தடவி நடந்து, அதைத் திறந்து பார்த்தோம். இருவர் கழிவுத் தொட்டியில் இடித்துக்கொண்டார்கள். தொட்டியை அன்றே சுவரோரம் நகர்த்தினோம்.